10.30 முதல் 1.00 வரை ஓய்வு

விதி ஏழு இப்படிச் சொல்கிறது: கருவி உடலில் இருக்கும் இருபத்து நான்கு மணி நேரமும் நோயாளி என்ன செய்தார், என்ன உணர்ந்தார் என்பதை, அது நிகழும் நேரத்திலேயே நாட்குறிப்பில் எழுத வேண்டும். பதிவு, நாட்குறிப்போடு சேர்த்தே படிக்கப்படும்.

இது அரசாணை அல்ல. இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியோடு, வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் இருந்தது. ஆங்கில மூலம் இதைவிட மோசமான நடையில் இருந்தது, தமிழாக்கம் என்னுடையது. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். விதிகளை அங்கேதான் அச்சடிப்பார்கள். அந்தப் பத்து விதிகளும் ஆரணி பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. ஏழாவது விதியை மீறியது யார் என்று கண்டுபிடிக்கத்தான் நான்கு மாதம் ஆயிற்று.

கருவியைச் சுமந்தவள் என் மனைவி.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கி வைத்திருந்தது. அது தெரியாமலே இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து, முப்பது வருடம் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்திருக்கிறாள். தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. “நாடா ஒழுங்காத்தான் போய் வருதுங்க. நெஞ்சுதான் நடுவுல நடுவுல வுட்டுட்டுப் போவுது” என்றாள். தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவின் சீரோடு தன் நெஞ்சை ஒப்பிட்டு அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் இருந்தது. அதைக் கேட்ட முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாவது டாக்டர், முதலாமவரின் சீட்டைப் பார்த்துவிட்டு, அதே வாயுவுக்கு வேறு மாத்திரை எழுதினார். முன் கோப்பைப் பார்த்து ஒப்பமிடும் பழக்கம் அரசு அலுவலகங்களில் மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் ஈ.சி.ஜி. தாளை மேஜைமேல் விரித்து விளக்கினார். இதயத்தின் மேலறைகள் அடிப்பதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கின்றன. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தது மூளைக்குப் போகலாம். ஆகவே வால்வைச் சரி செய்யும்போதே மேலறைச் சுவரில் கோடு கோடாக வெட்டித் தழும்பு உண்டாக்குவார்களாம். கண்டபடி அலையும் மின்சாரம் தழும்பைத் தாண்டாது, ஒரே பாதையில்தான் போகும். எனக்கு உடனே விளங்கியது. புறம்போக்கில் எல்லைக்கல் நடுவது.

2003 மாசியில் ஆபரேஷன் நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் இருந்தாள். அந்த ஐந்து நாளைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த அன்று வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒன்று சொன்னாள்.

“இன்னொரு வாட்டி அந்தக் கட்டில்ல என்னைப் படுக்க வெக்காதீங்க. வெச்சா நான் ஏந்து வர மாட்டேன்.”

அது அவள் கையில் இல்லை. டாக்டர் என்னிடம் சொல்லி அனுப்பியது இது: முதல் சில மாதம் தாளம் தப்பலாம், பொருட்படுத்த வேண்டாம். ஆறாம் மாதம் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்து பார்ப்போம். தாளம் நின்றிருந்தால் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். நிற்கவில்லை என்றால் மறுபடி சேர வேண்டும். தொடை வழியாகக் கம்பி விட்டு, விட்டுப்போன இடத்தைச் சுட வேண்டும். ஆக, எல்லாமே அந்த ஒரு நாள் பதிவில் இருந்தது.

நான் ஆறாம் மாதம்வரை சும்மா இருக்கவில்லை. நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, தினம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். தேதி, நேரம், எண்ணிக்கை, ஒழுங்கு அல்லது ஒழுங்கின்மை, குறிப்பு என்று ஐந்து பத்திகள்.

“கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல இப்பத்தான் தினம் கையப் புடிக்கறீங்க” என்றாள் முதல் வாரத்தில்.

“பேசாதே. எண்ணிக்கை போய்விடும்.”

“போனா இன்னா, எழுபத்திரெண்டுன்னு போட்டுக்கோங்க. உங்க ஆபீசுல போடாததா?”

முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது இடங்களில் ஒழுங்கின்மை என்று எழுதியிருக்கிறேன். அதன் பிறகு ஆவணிவரை எல்லா வரியிலும் ஒழுங்கு.

தறி அவளுடைய பெரிய கவலை. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது குழித்தறி. குழியில் காலை விட்டு மிதித்து, ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, மறு கையால் பலகையை அடிக்க வேண்டும். மார்பெலும்பைப் பிளந்து தைத்தவள் அதைச் செய்ய முடியாது. டாக்டர் தறி கூடாது என்றார். எதுவரை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலைப் பாதியில் அப்படியே விடவும் முடியாது. அதனால் எதிர்வீட்டுப் பெண் வந்து எங்கள் தறியில் நெய்தாள். இவளைவிடப் பத்து வயது சிறியவள், இவளை அக்கா என்று கூப்பிடுவாள், வாய் அதிகம். என் மனைவி கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் நெய்வதைப் பார்ப்பாள். ரயிலில் நமது இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்து போவதைப் பார்க்கும் முகம் அது.

“அவ அடி தளர்வா வுழுதுங்க” என்று அவள் போன பிறகு என்னிடம் சொல்வாள். “துணியத் தொட்டாலே தெரியுது.”

ஆறாம் மாதம் வந்தபோது பதிவுக்கு நாள் குறிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. மூன்றாம் விதி, வழக்கமான வேலைகள் உள்ள ஒரு நாளையே தேர்ந்தெடுக்கவும் என்றது. நான் யோசித்தேன். வழக்கமான நாளில் கூடத்தில் தறிச் சத்தம், ஆள் நடமாட்டம், எதிர்வீட்டுக்காரியின் வாய். பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் அமாவாசைதான் சரி. எங்கள் ஊரில் அமாவாசை அன்று கைத்தறி ஓடாது. பாவு நூலைத் துணியால் மூடி, விளக்கேற்றி விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது ஒன்றிரண்டு தறி சத்தம் போடும், அமாவாசை அன்று எங்கள் தெருவில் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிடும் சத்தம்தான் கேட்கும். விதி மூன்றை இப்படி நான் மேம்படுத்தினேன். மேலிடத்து விதிகளைக் கீழே இருப்பவர்கள் எப்போதும் கொஞ்சம் மேம்படுத்தித்தான் அமல் செய்வார்கள்.

ஆவணி அமாவாசைக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு வேலூரில் கருவியைக் கட்டினார்கள். மார்பில் ஐந்து இடத்தில் பசை வில்லை, அவற்றிலிருந்து ஐந்து கம்பி, இடுப்பில் ஒரு பெட்டி, உள்ளே கேசட். கட்டிவிட்ட பெண் என் மகள்களைவிடச் சின்னவள்.

“சார், கைய கால ஆட்டினா கோடும் ஆடும். பல் தேய்ச்சா கூட ஆடும். பாக்கறவங்களுக்கு அது நெஞ்சா கையான்னு தெரியணும்ல, அதுக்குத்தான் டைரி. எப்ப எது பண்றாங்களோ, அப்பவே எழுதிடுங்க.”

“எழுதறதுதாம்மா என் தொழிலே” என்றேன்.

பஸ்ஸில் என் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துப் பெட்டியை மூடிக்கொண்டாள். “இத்தக் கட்டிகினு போனா வயித்துல பாம் வெச்சிகினு போறேன்னு புடிச்சிக்கப் போறாங்க.”

“பிடித்தால் தாளைக் காட்டலாம். விதி பத்து. கருவி ஆபத்தற்றது.”

“நீங்க கூட இருந்தா போதுங்க. போலீஸ்காரனே வுட்டுட்டு ஓடிருவான்.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் நாட்குறிப்பை முடித்தேன். முடித்தேன் என்றால், மாலை ஐந்து மணிவரை.

இதை விளக்க வேண்டும். அலுவலகத்தில் பயண நாட்குறிப்பு என்று ஒன்று உண்டு. எந்தக் கிராமத்துக்கு எத்தனை மணிக்குப் போனோம், என்ன தணிக்கை செய்தோம் என்று அன்றன்று எழுதி, மாதம் முடிந்ததும் மேலே அனுப்ப வேண்டும். அன்றன்று எழுதியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பெரும்பாலோர் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகம் இருப்பதை எழுதுவார்கள். திறமையானவர்கள் மாத ஆரம்பத்திலேயே எழுதிவிட்டு, முடிந்தவரை அதன்படி நடப்பார்கள். நான் திறமையானவன். என் நாட்குறிப்பு ஒரு முறையும் கேள்வியோடு திரும்பி வந்ததில்லை.

அன்று பதினோரு மணிக்கு எனக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம் இருந்தது. வீட்டில் என்ன நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமாவாசை. தறி மூடியிருக்கிறது. சமையலைக் காலையிலேயே முடித்துவிட்டாள். ஆகவே அழகான ஆங்கிலத்தில், கார்பன் தாள் வைத்து, இப்படி எழுதினேன்: 9.30 – பூஜை. 10.00 – படையல். 10.30 முதல் 1.00 வரை – ஓய்வு, படுக்கையில். 1.00 – சாப்பாடு. 3.00 – வேலூருக்குப் பேருந்துப் பயணம். ஒரு மணிக்கு நான் திரும்பி வந்தபோது அவள் இலை போட்டுக்கொண்டிருந்தாள். வேறு எப்படி இருக்க முடியும்? மூன்று மணிக்குப் பேருந்தில் இருந்தோம். நான் எழுதிய ஒரு வரியையும் மாற்ற வேண்டி வரவில்லை. ஐந்து மணிக்குக் கருவியையும் நாட்குறிப்பையும் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். கேசட் சென்னைக்குப் போயிற்று.

புரட்டாசியில் சென்னை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ஒரு நீளத் தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நெருக்கமாகக் குத்திய ஊசிகளைப் போல வரிசையாகக் கோடுகள். நடுவில் ஓர் இடத்தில் அவை துள்ளி, குழம்பி, மறுபடி வரிசைக்கு வந்திருந்தன.

“பத்து ஐம்பதுலேர்ந்து பன்னிரண்டரை வரைக்கும் இப்படித்தான். வேலை செய்யும்போதுன்னா யோசிக்கலாம். படுத்து ஓய்வுல இருக்கும்போதே இப்படின்னா, கோடு எங்கேயோ விட்டுப்போயிருக்கு. பொங்கல் கழிஞ்சு வந்து சேர்ந்துடுங்க. கம்பி வழியாப் பண்ணிடலாம்.”

நான் என் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

பஸ் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். “எத்தனை மணிலேர்ந்துன்னு சொன்னாருங்க?” என்று கேட்டாள்.

“பத்து ஐம்பது.”

“கரெக்டா அப்படியே காட்டுதா?”

“நிமிடக் கணக்காகக் காட்டும்.”

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செய்யாறு வந்தபோது, “சரிங்க. போய்ப் படுத்துக்கறேன்” என்றாள். மாசி மாதம் வாசற்படியில் அவ்வளவு உறுதியாகப் பேசியவள் இவ்வளவு சீக்கிரம் இணங்கியது எனக்கு விசித்திரமாக இருந்தது. காரணம் கேட்டிருக்கலாம். நான் அதற்குள் மனதில் மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தியை எழுத ஆரம்பித்திருந்தேன்.

மனு நன்றாக வந்தது. ‘பார்வை’ என்று போடும் தலைப்பு வரியில் விதி ஏழைக் காட்டினேன். பதிவு நாட்குறிப்போடு சேர்த்துப் படிக்கப்பட்டதா? ஆம் எனில், கடைசி நான்கு மாதமும் மணிக்கட்டில் ஒழுங்காக இருந்த தாளம், படுத்திருக்கும் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் மட்டும் கெட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் தானாகச் சரியானது எப்படி? கருவியில் பழுது இல்லை என்பதற்குச் சான்று உண்டா? பதிவை இரண்டாவது ஒரு மருத்துவர் படித்துச் சொல்ல வேண்டுகிறேன். இணைப்பு: நாடிக் கணக்கின் நகல், பதினெட்டு பக்கம். நாட்குறிப்பின் கார்பன் நகல், ஒரு பக்கம்.

பதில் இல்லை. ஐப்பசியில் முதல் நினைவூட்டல். பதில் இல்லை. மூத்த மகள் போனில் பேசலாமே என்றாள். போனில் பேசியதற்குக் கோப்பில் சான்று இருக்காது என்றேன். கார்த்திகையில் இரண்டாம் நினைவூட்டல், ஒப்புகை அட்டையுடன். அட்டை மட்டும் திரும்பி வந்தது. பின்னால் அந்த டாக்டரிடம் கேட்டபோது, பதினெட்டுப் பக்க இணைப்பைப் பார்த்ததும் அதைத் தனியாக ஓய்வு நேரத்தில் படிக்க எடுத்து வைத்ததாகச் சொன்னார். அது நியாயமான காரணம்தான். நானும் பல மனுக்களை அப்படி எடுத்து வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் அவள் ஒரு பையை எடுத்து, பழைய புடவை நான்கு, துண்டு, சீப்பு, டம்ளர் என்று அடுக்கத் தொடங்கினாள். பொங்கலுக்கு ஒரு மாதம் இருந்தது. ஒன்றை எடுத்து வைப்பாள், பிறகு வெளியே எடுப்பாள். தனக்குப் பின் எந்தப் பாத்திரம் எந்தப் பெண்ணுக்கு என்று ஒரு நாள் சொல்ல ஆரம்பித்தாள். நான் நாடி எண்ணிக்கொண்டிருந்ததால் கை காட்டி நிறுத்தினேன். அன்று தொண்ணூற்றாறு. ஒழுங்கு.

மார்கழி முதல் வாரம், நான் கூடத்தில் மேஜை போட்டு மூன்றாம் நினைவூட்டலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையில் இருந்தாள். எதிர்வீட்டுப் பெண் தறியிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, என் பின்னால் வந்து நின்றாள்.

“இன்னா சார், திரும்பியும் மனுவா? அக்காவுக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்களா, பட்டா மாத்தித் தரப் போறாங்களா?”

“ஆபரேஷன் வேண்டுமா என்பதுதான் கேள்வி” என்றேன். “அமாவாசை அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவள் படுத்துக்கொண்டிருந்தாள். படுத்திருக்கும்போது எப்படித் தாளம் தப்பும்? அதைத்தான் கேட்கிறேன்.”

“யாரு படுத்துகினு இருந்தது?”

“உன் அக்காதான்.”

“ஆவணி அமாசைலயா? பொட்டி கட்டிகினு வந்தாங்களே, அன்னிக்கா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாப் படுத்தாங்க சார். தெருவுல ஒரு தறி சத்தம் இல்ல. உங்க வூட்ல மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது. ஆபீசர்தான் ரிட்டையர் ஆயிட்டாரே, பொழுது போவாம நெய்யக் கத்துகினு இருக்காருன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஏ, வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டே நீ?”

“நான் இன்னா பண்றது, சார் கேக்கறாரு. மறுநாள் வந்து துணிய மடக்கிப் பாத்தா, நான் வுட்ட எடத்துலேர்ந்து ஒரு சாண் ஜாஸ்தியா ஏறிகினு கீது. அடி ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி வுழுந்திருக்கு. தறி தானா நெய்யுமா? அக்காதான் சார்கிட்ட சொல்லாதேன்னாங்க. நாலு மாசம் வாயக் கட்டிகினு இருந்தேன்ல? நாலு மாசம்!”

அது அவளுக்குச் சாதனைதான். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். என் மனைவி கரண்டியோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“நீங்க போனதும் ஒக்காந்தேன். பன்னெண்டரைக்கு ஏந்துட்டேன். அமாசைதான் தறி காலியா இருக்கற நாளு. மத்த நாள்ல அவ ஒக்காந்துகினு இருக்கா. கை எட்டுதா, கால் மிதிக்குதான்னு பாக்கலாம்னுதான்… அப்புறம் ஏந்திரிக்க மனசு வரலை.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“இன்னான்னு சொல்றது? அமாசையில தறியத் தொட்டேன். தொட்ட நிமிசத்துலேர்ந்து நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு மெஷினே காட்டுது. பத்து ஐம்பதுன்னு டாக்டர் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் செஞ்சதுக்கு நான்தானே போய்ப் படுக்கணும்?”

இத்தனை நாளாக அவள் எதை அந்தப் பைக்குள் அடுக்கி, எதை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. கோப்பை எடுத்துக் கார்பன் நகலைக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

“இன்னா எழுதியிருக்கு?”

“பத்தரை முதல் ஒரு மணிவரை ஓய்வு, படுக்கையில்.”

“நான் படுத்துகினு இருந்தேன்னு யார் எழுதினது?”

“நான்தான்.”

“எப்போ?”

“காலை ஒன்பது மணிக்கு.”

“நடக்கறதுக்கு முன்னாடியேவா?”

“ஆபீசில் அப்படித்தான் வழக்கம்.”

“பல் தேய்ச்சாக் கூட எழுதுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே.”

“சொன்னாள்.”

“அப்ப, அது நெஞ்சு இல்லியா? கையா?”

தெரியாது என்றேன். அது உண்மை. அந்தக் கோட்டில் எது நெஞ்சு, எது கை என்று சொல்லக்கூடியவர் சென்னையில் இருந்தார். அவரிடம் அவள் படுத்திருந்தாள் என்று எழுத்துமூலம், என் கையொப்பத்துடன், மூன்று தடவை உறுதி செய்திருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “அமாசை இல்லைன்னா கூட இப்படித்தான் காட்டியிருக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

“எந்தக் கிழமையானாலும் காட்டியிருக்கும்.”

தட்டச்சிலிருந்த மூன்றாம் நினைவூட்டலை உருவிக் கிழித்தேன். பதிவேட்டில் பிழை திருத்த முறை உண்டு. தவறான பதிவை அழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். கார்பன் நகலில் அப்படியே செய்தேன். ஓய்வு, படுக்கையில் என்பதை அடித்து, கைத்தறி நெசவு, இரு கைகளாலும் கால்களாலும் தொடர்ச்சியாக என்று எழுதினேன். முகப்புக் கடிதம் ஐந்து வரி. நாட்குறிப்பு நிகழும் நேரத்தில் எழுதப்படவில்லை. நோயாளி அதை எழுதவில்லை, பார்க்கவும் இல்லை. எழுதியவன் நான். தவறு என்னுடையது. இந்த நான்காவது வாக்கியத்தை முப்பத்து நான்கு ஆண்டில் நான் தட்டச்சு செய்ததில்லை. கவனக்குறைவு நேர்ந்துவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் யாருக்கு நேர்ந்தது என்று தெரியாது. இணைப்பு ஒரே பக்கம். தபால் நிலையத்துக்கு அவளும் கூட வந்தாள். உறையை அவளே பெட்டியில் போட்டாள்.

ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூத்த மகள் சொன்னதைக் கேட்டு, முதல்முறையாகப் போனில் பேசினேன். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், தபால் மேஜைமேல் இருக்கிறது, அனுமதித் தேதியில் மாற்றமில்லை என்றார்கள். காலையில் நாடி தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எண்ணும்போது நான் என்னை நம்பவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். அவள் பையை மூடி, கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். அதன் பிறகு எதையும் வெளியே எடுக்கவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள், தெரு முழுக்கப் பழைய பாய் எரிந்த புகை அடங்காமல் இருந்தபோது, தபால்காரர் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். உறையை அவள்தான் வாங்கினாள். பிரிக்காமல் என்னிடம் நீட்டிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஆங்கிலத்தில் நான்கு வரி. படித்துக்கொண்டே தமிழில் சொன்னேன். திருத்திய நாட்குறிப்போடு பதிவு மறுபடி படிக்கப்பட்டது. 10.50 முதல் 12.30 வரையிலான அலைகள் கை அசைவால் வந்தவை. அவற்றுக்கு அடியில் இதயத்தின் தாளம் ஒழுங்காகவே இருக்கிறது. மருத்துவமனை அனுமதி ரத்து செய்யப்படுகிறது. மூன்று மாதம் கழித்து, அவர் வழக்கமாக வேலை செய்யும் ஒரு நாளில், மறுபடி பதிவு செய்யவும்.

அடியில் பேனாவால் தமிழில் ஒரு வரி இருந்தது. அதை அவளே வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல் மெதுவாகப் படித்தாள். “தறியில் உட்காரலாம். அடுத்த தடவை நாட்குறிப்பை அம்மாவையே எழுதச் சொல்லவும்.”

தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குள் போனாள். எதிர்வீட்டுப் பெண் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

“ஏந்திரு.”

“இன்னாக்கா, இந்த முந்தி முடிச்சிடறேனே.”

“நான் முடிச்சிக்கறேன். ஏந்திரு நீ.”

“பாருங்க சார், போகின்னா பழசத்தான் தூக்கிப் போடுவாங்க. இவங்க என்னைத் தூக்கிப் போடறாங்க.”

நான் மேஜைக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். பதிலை மேலே சேர்த்து, பக்க எண் போட்டு, மூலையில் வந்த நாளை எழுத வேண்டியிருந்தது. கூடத்தில் சத்தம் ஆரம்பமாகும்வரை காத்திருந்து, அது கேட்ட பிறகு எழுதினேன்: பெறப்பட்டது, போகி, முற்பகல் 11.15.